மணி காயும் அடுப்பில் மதியச் சாப்பாடு

மதியச் சங்கு ஊதியதும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. கையுறையையும் தொப்பியையும் கழற்றிப் போட்டுவிட்டு, மணி காயும் அடுப்பின் முன்னால் போய் நிற்பார்கள். ஆளுயர எஃகு அலமாரி போல இருக்கும் அது. கீழ்த் தட்டுகளில் மிளகளவு வெள்ளை மணிகள் பரப்பியபடி காய்ந்துகொண்டிருக்கும். மேல் தட்டில் சாப்பாட்டு டப்பாக்கள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். டப்பாவின் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி முட்டி மூடி எகிறிவிடும் என்பது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். வேலையைப் பற்றிய பாடமெல்லாம் மெதுவாக அப்புறம்தான்.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மேதை வேறு யாருமல்ல, மேலாளரேதான். உணவறையில் இருந்த மைக்ரோவேவ் போன மழைக்காலத்தில் புகைந்து உயிரை விட்டது. புதிது கேட்டு ஆட்கள் வந்து நின்றபோது அவர் சிரித்தார். "எதுக்கு? இந்த அடுப்பு நாள் முழுக்க சும்மாதானே சூடா இருக்கு?" என்று சொல்லி, தன் டப்பாவை முதலில் வைத்தார். எல்லோரும் கைதட்டாத குறை. கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. கெட்டவர்கள்தான் கெட்டது செய்வார்கள் என்று நினைத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே செய்வது எலும்புத் தகடு. உடைந்த எலும்பின் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க, டாக்டர்கள் உள்ளே வைத்துத் திருகிவிடும் சின்னத் தகடு. எஃகுத் தகடாக இருந்தால், எலும்பு ஒட்டிய பிறகு அதை வெளியே எடுக்கப் பலருக்கு இன்னொரு தடவை கத்தி வைக்க வேண்டியிருக்கும். இது அப்படியில்லை. உடம்புக்குள் கரையக்கூடிய ஒரு பிளாஸ்டிக்கும், எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் போன்ற ஒரு பொடியும் சேர்ந்த கலவை. அடுப்பில் காயும் மணிகள் இந்தக் கலவைதான், அவற்றை உருக்கி அச்சில் வார்த்தால் தகடு. எலும்பு ஒட்டும்வரை தாங்கிப் பிடித்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். வந்த வேலை முடிந்ததும் தொந்தரவில்லாமல் கிளம்பிவிடும் விருந்தாளி மாதிரி. அப்படிப்பட்ட விருந்தாளி நம் வீட்டுக்கெல்லாம் எங்கே வருகிறார்!

ஆனால் கரைவதற்கும் நேரம் காலம் உண்டு. எலும்பு ஒட்டுவதற்கு முன்பே தகடு கைவிட்டுவிட்டால் எல்லாம் நகர்ந்துவிடும். மறுபடியும் மேஜை, மறுபடியும் கத்தி, முதல் தடவையைவிட மோசமான வலி.

அதைப் பார்த்துக்கொள்வதுதான் பரிசோதனை அறையின் வேலை. வேதியியல் படித்துவிட்டு வந்து அந்த அறைக்குப் பொறுப்பேற்றிருந்த பெண்ணை எல்லோரும் 'உப்புத்தண்ணி' என்றுதான் கூப்பிட்டார்கள். உடம்புச் சூட்டில் வைத்த உப்புத்தண்ணீர்த் தொட்டிகளில் தகடுகளைத் தொங்கவிட்டு, எடுத்து எடுத்துச் சோதிப்பதே அவள் பிழைப்பு. முதலில் அந்தப் பெயர் எரிச்சலாக இருந்தது. பிறகு அவளே தொலைபேசியில், "உப்புத்தண்ணி பேசறேன், சொல்லுங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு மேலாளர் அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான் என்பதை அவரும் மறக்கவில்லை, அவளையும் மறக்க விடவில்லை.

அன்று காலை அவள் தொட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துத் துடைத்தாள். புதுத் தயாரிப்பு. ஊறப்போட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மாதக்கணக்கில் தாங்க வேண்டியது. வளைத்துப் பார்க்கும் இயந்திரத்தில் வைப்பதற்காக இரண்டு விரலால் பிடித்தாள். 'டக்' என்றது. பிடித்த பிடியிலேயே உடைந்துவிட்டது.

அடுத்ததை எடுத்தாள். அதுவும் டக்.

தொட்டியின் சூட்டைப் பார்த்தாள், சரி. உப்பின் அளவைப் பார்த்தாள், அதுவும் சரி. அதே தொட்டியின் கோடிக் கம்பியில் இன்னும் சில தகடுகள் தொங்கின. அதே மூட்டை மணி, அதே அச்சு. அவற்றை எடுத்து வளைத்தால் அசைந்தே கொடுக்கவில்லை. அந்தத் தகடுகளுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? யோசித்துப் பார்த்தபோது ஒரே வித்தியாசம்தான் அகப்பட்டது. அந்தக் கம்பியில் தொங்கியவை விடுமுறையின்போது காய்ந்த மணிகளில் செய்தவை. மற்றவை வேலை நாளில் காய்ந்தவை.

விடுமுறைக்கும் மணிக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையைக் குடைந்துகொண்டே மதியம் அடுப்பின் கதவைத் திறந்து தன் டப்பாவை எடுக்கக் குனிந்தாள். ஆவி குப்பென்று வந்து மூக்குக் கண்ணாடியை மறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே டப்பாக்கள். தளர்த்தி வைத்த மூடிகள். அவற்றிலிருந்து எழும்பும் ஈரம். கீழே, சொட்டு ஈரம்கூட இல்லாமல் காய வேண்டிய மணிகள்.

ஈரத்தோடு அந்த மணியை உருக்கினால் அதற்குள்ளிருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டு துண்டாக அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று அழகாக இருக்கும். காய்ந்த நிலையில் சோதித்தால் தேறிவிடும். உடம்பின் ஈரத்துக்குள் போன பிறகுதான் சாயம் வெளுக்கும். இதெல்லாம் அவளுக்குப் புதிய சங்கதியா என்ன? முதல் வருடத்திலேயே படித்தது. படித்ததைப் படித்த இடத்திலேயே விட்டுவிட்டு, மாதக்கணக்காக அவளும் தன் டப்பாவின் மூடியைப் பதமாகத் தளர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேலாளரின் அறையில் உடைந்த துண்டுகளை மேஜைமேல் வைத்தாள். இதுவரை ஆஸ்பத்திரிகளுக்குப் போனதெல்லாம் மைக்ரோவேவ் இருந்த காலத்துச் சரக்கு, அதில் பழுதில்லை. இந்தத் தயாரிப்பு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்றாள்.

மேலாளர் துண்டை எடுத்து உருட்டிப் பார்த்தார். "காஞ்ச தகடு பாஸ் ஆச்சில்ல?"

"ஆச்சு மாமா. ஆனா மனுஷன் உடம்பு காஞ்சா இருக்கு?"

"நாளைக்கு சரக்கு வாங்கற ஆஸ்பத்திரிங்க சார்பா எலும்பு டாக்டரம்மா நேர்ல பாக்க வராங்க. சரக்கு பேக் ஆகி வாசல்ல நிக்குது. இப்ப போய் சாப்பாட்டு டப்பா கதைய சொன்னா சிரிப்பாங்க. 'சோதனை நடந்துக்கிட்டு இருக்கு, இதுவரைக்கும் ஒண்ணும் தப்பில்ல'ன்னு சொல்லு. போதும்."

"ஒண்ணும் தப்பில்லையா? கையில பிடிச்சாலே உடையுது!"

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, உண்மையையே சொல்லு. அந்த அடுப்புல யார் யார் டப்பா வச்சாங்கன்னு கேப்பாங்க. நீ வைக்கலையா? பரிசோதனை அறைக்குப் பொறுப்பு நீ. எல்லாருக்கும் முன்னாடி உன் கழுத்துலதான் கத்தி விழும். யோசிச்சுப் பாரும்மா. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குச் சொல்கிறவர்களிடம்தான் நாம் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அவள் கீழே இறங்கி வருவதற்குள் சேதி அச்சு இயந்திரம்வரை போய்விட்டது. இயந்திரத்தை ஓட்டுபவரை 'மீசை' என்பார்கள். மீசையை எடுத்துப் பல காலமாகியும் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

"என்ன உப்புத்தண்ணி, எங்க எல்லாரையும் சேத்து ஊறப்போடப் போறியாமே?"

"விளையாடாதீங்கண்ணே. நீங்க உருக்கினதுதான் உடையுது."

"காயாத மணிய குடுத்தா நான் என்ன பண்ணுவேன்?" என்றவர், தன் டப்பாவும் அதே தட்டில் இருந்தது நினைவுக்கு வந்து அசடு வழிந்தார். "இங்க பாரும்மா, எல்லாருந்தான் வச்சோம். எல்லாரும் பண்ணின தப்புன்னா அது யாரோட தப்பும் இல்ல. சும்மா விடு."

பொட்டலம் கட்டும் பெண் இன்னும் நேராகக் கேட்டாள். "நீயும்தானே வச்ச? இப்ப மட்டும் என்ன திடீர்னு யோக்கியம்?"

அந்தக் கேள்விதான் சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் தைத்தது. நீயும்தானே, நீயும்தானே என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. எத்தனை பேர் வாய்க்குப் போட்ட பூட்டு இந்த ஒரு வார்த்தை!

சாயங்காலம் அக்கா வந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"உனக்கு என்னடி பைத்தியமா? வேலை வாங்கிக் குடுத்த மனுஷனையே கவுக்கப் பாக்கறியாமே?"

"நான் யாரையும் கவுக்கலக்கா. பெட்டி வெளிய போகக்கூடாதுன்னு சொல்றேன்."

"ஒரு தகடு ரெண்டு தகடு உடையுந்தான். உலகத்துல எது உடையாம இருக்கு? அவர் வேலை போச்சுன்னா என் குடும்பம் என்னாகும்? அத யோசிச்சியா?"

தங்கை அக்காவின் இடது கையைப் பிடித்து, முழங்கைக்குக் கீழே ரவிக்கை மறைக்காத இடத்தைத் திருப்பிக் காட்டினாள். நீளமாக ஒரு தழும்பு. அதன்மேலேயே கோணலாக இன்னொன்று. பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து உடைந்த கை. எஃகுத் தகடு வைத்தார்கள், பிறகு அதை எடுப்பதற்காகத் திரும்பவும் கிழித்தார்கள்.

"இதுல எது ஞாபகம் இருக்கு உனக்கு?"

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். "இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

"ரெண்டாவதுதான்," என்றாள் அக்கா வேண்டாவெறுப்பாக. "மொத தடவ என்ன நடக்குதுன்னே தெரியல. ரெண்டாவது தடவ என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியும். மேஜைய கெட்டியா பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. அப்பா வெளிய நின்னு அழுதாரு."

"அந்த ரெண்டாவது தடவ யாருக்கும் வேண்டாம்னுதான்க்கா இந்தத் தகடே கண்டுபிடிச்சாங்க. நாம என்ன பண்ணியிருக்கோம் தெரியுமா? சாப்பாடு சூடா வேணும்னு, அந்த ரெண்டாவது தடவைய திரும்பக் கொண்டுவந்திருக்கோம்."

அக்கா எழுந்து போய்விட்டாள். கதவைச் சாத்திய வேகத்தைப் பார்த்தால் சமாதானமாகிப் போனவள் மாதிரி தெரியவில்லை.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். அதிகம் பேசாதவர், ஆனால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவர். மேலாளர் அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பரிசோதனை அறையில் காய்ந்த தகடு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "வளைச்சுப் பாருங்க மேடம்" என்றார். டாக்டரம்மா அழுத்தினார். தகடு அசைந்து கொடுக்கவில்லை. மேலாளரின் முகத்தில் வெளிச்சம் போட்டது போலிருந்தது. பின்னால் மீசை, பொட்டலப் பெண் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உடம்புல வச்சா?" என்றார் டாக்டரம்மா.

"சோதனை நடந்துக்கிட்டு இருக்கு மேடம். இதுவரைக்கும் ஒண்ணும்..." மேலாளர் மச்சினியின் பக்கம் பார்த்தார். மிச்சத்தை நீ சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார், மிரட்டவும் செய்தார்.

உப்புத்தண்ணி தொட்டிக்குள் கைவிட்டு இரண்டு தகடுகளை எடுத்தாள். ஒன்றை மேலாளரிடமே நீட்டினாள். "நீங்களே பிடிங்க சார்."

அவர் பிடிக்கவில்லை. டாக்டரம்மா கை நீட்டி வாங்கினார். டக். உள்ளங்கையில் இரண்டு துண்டு. இரண்டாவது தகட்டை அழுத்தினார், அது அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டுமே ஒரே சரக்கு டாக்டர். உடையாதது லீவுல காஞ்ச மணி. உடைஞ்சது, நாங்க சாப்பாட்டு டப்பா வச்ச அடுப்புல, அந்த ஆவியில காஞ்ச மணி. வாசல்ல நிக்கற பெட்டியெல்லாம் உடையற ஜாதிதான். என் டப்பாவையும் நான் வச்சேன். தெரிஞ்சிருக்க வேண்டியவ நான். தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிடம்தான். அப்புறம் அவருக்குள்ளிருந்த மேலாளர் விழித்துக்கொண்டார்.

"மேடம், எங்க அடுப்புல சாப்பாடு வைக்கற வழக்கமே கிடையாது. இவங்க ஒருத்தங்க வச்சிருக்காங்க போல, அவங்களே ஒத்துக்கறாங்க. இவங்க மேல நடவடிக்கை எடுத்துடறோம். வேற யாராவது வச்சீங்களாப்பா?" என்று பின்னால் திரும்பினார்.

மீசை தரையைப் பார்த்தார். பொட்டலப் பெண் கூரையைப் பார்த்தாள். எல்லோரும் செய்த தப்பு ஒரே நொடியில் ஒருத்தியின் தப்பாகிவிட்டது. எவ்வளவு சுலபமாக நடக்கிறது பாருங்கள்!

உப்புத்தண்ணி நிமிர்ந்தாள்.

"சரி சார், நான் ஒருத்தி மட்டும்தான் வச்சேன்னே வச்சுக்கோங்க. தண்டனைய நான் வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பெட்டி இந்த வாசலத் தாண்டாது. தாண்டினா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகுதோ அங்க நானும் போய் நின்னு, இதே மாதிரி உடைச்சுக் காட்டுவேன். 'நீயும்தானே வச்ச'ன்னு நேத்துல இருந்து கேக்கறீங்க எல்லாரும். ஆமா, வச்சேன். அதனாலதான் சொல்றேன். தப்புல பங்கு இருக்கறவ வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு யார் சொன்னது? அவதான் முதல்ல வாயைத் திறக்கணும்!"

அப்போது சங்கு ஊதியது. மதியச் சாப்பாட்டு நேரம். பழக்க தோஷத்தில் இரண்டு பேர் அடுப்புப் பக்கம் ஓரடி எடுத்து வைத்து, சுதாரித்து நின்றார்கள். டாக்டரம்மா அதைக் கவனித்த மாதிரிதான் தெரிந்தது.

கதவருகே அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் டப்பா. எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. நேராக நடந்து வந்து புருஷனிடம் டப்பாவை நீட்டினாள்.

"காலைல கோவத்துல எடுக்காம வந்துட்டீங்க. ஆறிப்போச்சு. வழக்கமா வைக்கற எடத்துல வச்சு சூடு பண்ணிக்கோங்க."

"எந்த எடம்? நீ வீட்டுக்குப் போ," என்றார் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த அடுப்புதாங்க. 'வீட்டுல கூட இவ்வளவு சூடா சாப்பிடல, என் ஐடியா எப்படி'ன்னு மாசக்கணக்கா பெருமையடிச்சீங்களே, அது." அக்கா டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள். தன் இடது கையை நீட்டி, தழும்பு மேலே தெரியும்படி பிடித்தாள். "எனக்கு ரெண்டு தடவ கிழிச்சிருக்காங்க டாக்டரம்மா. இன்னொருத்தருக்கு அப்படி ஆகறதுக்கு நான் கட்டிக் குடுத்த சாப்பாடு காரணமா இருக்கக்கூடாது. டப்பாவ முதல்ல வச்சது என் வீட்டுக்காரர். என் தங்கச்சிய மட்டும் மாட்டிவிடறது நியாயமில்ல."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். மீசைதான். "நானும் வச்சேன் மேடம்," என்றார். பொட்டலப் பெண் கையை மட்டும் பாதி தூக்கினாள். மற்றவர்கள் பேசாமலே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் முதுகெலும்பு முளைத்துவிடாது.

டாக்டரம்மா உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார். "பெட்டி எல்லாத்தையும் அழிச்சுடுங்க. நான் பாக்க ஒருத்தர அனுப்பறேன். புதுசா செய்யுங்க, இவங்க தொட்டியில முழு காலமும் ஊறி தேறட்டும். அதுக்கப்புறம் வந்து பேசுங்க," என்றார். மேலாளரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த வருடம் தொழிற்சாலையில் ஒருவருக்கும் நல்ல வருடமில்லை. முதலாளியிடம் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். உப்புத்தண்ணிக்கும் எச்சரிக்கை வந்தது, அவள் அதைத் தகராறில்லாமல் ஏற்றுக்கொண்டாள். மேலாளர் வேலையில் தப்பினார், ஆனால் வீட்டில் சில காலம் பேச்சுவார்த்தை இல்லை. மச்சினியைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி நடந்தார். தொட்டியில் புதுத் தகடுகள் மாதக்கணக்கில் ஊறின. ஒன்றும் உடையவில்லை. ஒருநாள் அவர் பரிசோதனை அறைக்குள் வந்து, கேட்காமலே ஒரு தகட்டை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்று போனார். அந்த வீட்டில் அதுதான் மன்னிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு ஒரு மதியம், சங்கு ஊதி எல்லோரும் உணவறையில் ஆறிய டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் அலுத்துக்கொண்டார். "அங்க அந்த அடுப்பு சும்மாதானே சார் சூடா இருக்கு? ஒரு ஓரமா வச்சா என்ன?"

மீசை மெதுவாக மேலாளரின் முகத்தைப் பார்த்தார். மேலாளர் வாயிலிருந்ததை மென்று முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அது சும்மா இல்ல. யாரோ ஒருத்தரோட எலும்புக்காக சூடா இருக்கு. நான்தான் முதல்ல வச்சவன், அதனால நானே சொல்றேன், கேட்டுக்கோ. எல்லாரும் பண்ணினாலும் தப்பு தப்புதான். நாம பண்ணினதா இருந்தா, அத மறைக்கறவன் ரெண்டு தப்பு பண்றான். ஆறின சாப்பாடு சாப்பிட்டு எவனும் செத்ததில்ல. உக்காந்து சாப்பிடு."

அடுத்த மேஜையில் உப்புத்தண்ணி தன் டப்பாவின் மூடியைத் திறந்தாள். சாப்பாடு நன்றாகவே ஆறிப்போயிருந்தது. அன்று அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.